ஒரு வார்த்தை மாறாமல்

கடலோரப் பல்கலைக்கழகம் ஒன்றில் சமூகவியல் மாணவர்கள், ஊர்க்காரர்களும் படிக்கட்டும் என்று 'முச்சந்தி' என்றோர் இதழ் நடத்தினார்கள். அதற்கு ஆசிரியர் பர்வீன் என்ற மாணவி.

ஒருநாள் துறைத்தலைவர் ஆளவந்தார், மீன் ஏலம் பற்றித் தான் எழுதிய கட்டுரையை அவளிடம் நீட்டினார்.

"ஒரு வார்த்தை மாறக் கூடாது. ஆனா மீன் விக்கறவங்களுக்கும் புரியணும். இல்லைன்னா உங்க இதழுக்குக் கொடுத்த அறையைக் காலி பண்ணிடுங்க."

முதல் வாக்கியமே அரைப் பக்கம் ஓடியது. பர்வீன் பதறவில்லை.

"சரி சார். யாரைப் பத்தி எழுதறோமோ, அவங்களுக்கு வாசிச்சுக் காட்டிட்டுத்தான் அச்சுக்குக் கொடுப்போம். வாங்க."

ஏலக்கூடத்தில் ஆளவந்தார் கணீரென்று வாசித்தார். மீன்காரி ரெஜினா கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இவ்வளவு நேரம் என்ன சார் சொன்னீங்க?" என்றாள்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "மீன் பிடிக்கறது நீங்க, விலை வைக்கறது ஏலக்காரன். ஏன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல. அவ்வளவுதாம்மா!"

"அட, ஆமா!" என்றாள் ரெஜினா.

இதழ் வந்தது. முதல் பக்கத்தில், அவர் பெயரோடு, ரெஜினாவுக்குச் சொன்ன பதில் மட்டும். கட்டுரை முழுசும் பின்னால். ஏலக்கூடமே முதல் பக்கத்தைப் பற்றித்தான் பேசியது.

ஆளவந்தார் பாய்ந்து வந்தார். "இதழ் முழுசையும் வரிவரியாப் படிச்சுட்டுதான் வர்றேன். என் கட்டுரையை என்ன பண்ணி வச்சிருக்கே?"

"ஒரு வார்த்தையும் மாறல சார். முன்னாடி இருக்கறதும் நீங்க சொன்னதுதான். கட்டுரையில ஒரு பக்கம் மட்டும் ரெண்டு தடவை அச்சாயிடுச்சு, மன்னிச்சிடுங்க."

"எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டார் ஆளவந்தார்.

அதற்குப் பிறகு அறையைக் காலி செய்வது பற்றி அவர் பேசவேயில்லை.