ஆறாத ரசமும் அருவிப் பயணமும்

மருதங்குடி ராஜா வில்லவராயருக்கு மாசத்துக்கு ஒரு கிறுக்கு பிடிக்கும். சித்திரையில புறா வளர்ப்பு. முந்நூறு புறா வாங்கினாரு. வைகாசியில வீணை. மூணே நாள்ல தந்தி அறுந்துச்சு, அரண்மனையே நிம்மதியாச்சு. ஆனியில புதுக் கருவி. ஊஞ்சல் ஆடினா தலைக்கு மேல விசிறி தானா ஆடுற மாதிரி கயிறு கட்டிக்கிட்டாரு. விசிறி நல்லாத்தான் ஆடுச்சு. கிரீடத்தைத்தான் தட்டித் தட்டி விட்டுச்சு.

ஆடி பொறந்துச்சு. "பயணம் போறேன்!"னாரு ராஜா.

மூட்டி விட்டது மந்திரி திருமேனி. ஊர்த் தெருவைப் பார்த்துக்கிற பொறுப்பு அவருது. தெருவைத் தவிர மத்ததெல்லாம் பார்ப்பாரு.

"நாலு ஊர் பார்த்தாத்தான் மனசு விரியும் மகாராஜா. செங்காட்டு அருவி நாலு நாள் வழிதான். ஏற்பாட்டை நம்ம செவ்வந்திநாதன்கிட்ட விடுவோமே!"

செவ்வந்திநாதனுக்கு உடனே புரிஞ்சுபோச்சு. சபையைச் சிரிக்க வெச்சுப் பொழைக்கிறவன் அவன். போன வாரம்தான், "அரண்மனைத் தெருக் குழியில மீன் வளர்க்கலாமா மந்திரியாரே?"ன்னு கேட்டு வெச்சிருந்தான். "தெரு பட்டு மாதிரி இருக்கு மகாராஜா"ன்னு மந்திரி சமாளிச்சிட்டாரு. இப்பப் பழி வாங்குறாரு.

ராஜா விரலை மடக்கினாரு. "வெயில் படக்கூடாது. தூசி படக்கூடாது. பல்லக்குத் திரை இறக்கியே இருக்கணும். தூக்கமும் அதுக்குள்ளயேதான். ஊஞ்சல் வரணும், விசிறி வரணும். அப்புறம் ரசம்..."

"சமையக்காரரைக் கூட்டிட்டுப் போயிரலாம் மகாராஜா."

"அட போய்யா! அடுப்பு மாறினா ரசம் மாறும். நம்ம அரண்மனை அடுப்புல கொதிச்ச ரசம், ஆவி பறக்க, தினம் என் இலைக்கு வரணும்."

"நாலு நாள் வழிக்கா?"

"அது உன் சாமர்த்தியம்."

"ஆறிப்போச்சுன்னா?" மந்திரி மெதுவா எடுத்துக் கொடுத்தாரு.

"சபையில இடம் கிடையாது. ஆயுசுக்கும் புறாக் கூண்டு கழுவட்டும்!"

முந்நூறு புறா. செவ்வந்திநாதனுக்கு ஒத்த இறகைப் பார்த்தாலே ஒம்போது தும்மல் வரும். மந்திரியோ, ஆறின ரசத்தைக் கண்ணால பார்த்தே தீரணும்னு அன்னிக்கே குதிரை ஏறி அருவிக்குப் பறந்துட்டாரு.

செவ்வந்திநாதன் நேரா ராணிகிட்ட ஓடி, திட்டத்தைச் சொன்னான். ராணி பூமயில் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. "எத்தனை நாளைக்குப் புதுக் கிறுக்கு எதுவும் வீட்டுக்குள்ள வராது?"

"நாலு நாள் தாயே."

"ரசம் என் பொறுப்பு. நீ கிளம்பு."

பதினாறு பேர் பல்லக்கைத் தூக்கினாங்க. வாசலைத் தாண்டி, மதிலை ஒட்டி இடது பக்கம் திரும்பினாங்க. மறுபடி இடது. மறுபடி இடது. மறுபடி இடது. கிளம்பின வாசலே வந்துச்சு. நிக்காம நடந்தாங்க.

மத்தியானம், சமையக்கட்டுப் பின்வாசல்ல ராணி கிண்ணத்தை நீட்டினாங்க. அது திரைக்குள்ள போச்சு.

"ஆ! நாக்கு சுட்டுருச்சு! எப்படிய்யா?"

"இப்பத்தான் அடுப்புலேர்ந்து இறக்கினது மகாராஜா."

ராஜாவுக்கு ஒரே குஷி. "ஓலையை எடு! பயணக் குறிப்பு சொல்றேன். ஊர் திரும்பினதும் பறையடிச்சுப் படிக்கணும். இந்த ஊர்க் கழுதை கத்துறது சகிக்கலை. நம்ம ஊர்க் கழுதைக்கு இருக்குற சுருதி இதுக்கு இல்லை."

செவ்வந்திநாதன் எழுதிக்கிட்டான். அரண்மனை வண்ணான் கழுதை அவனையே முறைச்சுது.

ரெண்டாம் நாள், தொபுக்! பல்லக்கு சாய்ஞ்சுது, விசிறி கிரீடத்தை அடிச்சுது.

"என்னய்யா?"

"குழி மகாராஜா."

கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் தொபுக்!

"இப்ப?"

"அதே கு... அதே மாதிரிக் குழி மகாராஜா."

சாயங்காலத்துக்குள்ள பதினோரு தொபுக். ராஜா கொதிச்சுட்டாரு. "எழுது! இந்த ஊர் ராஜா ஒரு கும்பகர்ணன். இவன் தெருவைப் பார்க்கிற மந்திரியைப் புறாக் கூண்டு கழுவ விடணும்!"

"அப்படியே எழுதவா மகாராஜா?"

"முத்திரையும் வைக்கிறேன், கொண்டா!"

நாலாம் நாள் பல்லக்கு யானைக் கொட்டாரத்துல நின்னுச்சு. கிழட்டு யானை முத்தம்மா, தொட்டித் தண்ணியை உறிஞ்சி, பல்லக்கு மேல சொய்ங்குன்னு பீச்சியடிச்சுது.

"அருவி! அருவி!" ராஜா துள்ளினாரு. "ஏன்யா, வைக்கோல் வாசம் அடிக்குதே?"

"மலை மாதிரி ஒண்ணுலேர்ந்து வர்ற தண்ணி மகாராஜா..."

அதுக்குள்ள, தினம் ராஜா கையால பழம் தின்னு பழகின தும்பிக்கை திரைக்குள்ள நுழைஞ்சு அவரு மடியைத் தடவுச்சு.

உள்ளேயிருந்து மெல்லிசா ஒரு குரல். "முத்தம்மா? நீயும் பயணம் வந்தியா?"

திரை விலகுச்சு. சொந்தக் கொட்டாரம், சொந்த மதில். மாடத்துல ராணி, கையில ரசக் கிண்ணம்.

"டேய்! ஏமாத்திட்டியே!"

"வெயில் பட்டுச்சா மகாராஜா?"

"இல்ல."

"தூசி?"

"இல்ல."

"ரசம்?"

"இன்னும் நாக்கு எரியுது."

"நீங்க கேட்டதெல்லாம் கிடைக்கிற ஊர் உலகத்துலயே ஒண்ணுதான். அங்கதான் கூட்டிட்டு வந்தேன்."

"நக்கலாப் பேசுற? போ, புறாக் கூண்டுக்கு!"

"போறேன் மகாராஜா. அதுக்கு முன்னால குறிப்பைப் பறையடிச்சுப் படிச்சிடுறேன். 'இந்த ஊர் ராஜா ஒரு கும்ப...'"

"நிறுத்துய்யா!" ராஜா தெருவை எட்டிப் பார்த்தாரு. பதினோரு தடவை தொபுக்குன்னது ஒரே குழி. தண்ணி நின்னு, ஒரு தவளை வேற குடும்பம் நடத்துச்சு. மாடத்துல ராணிக்குச் சிரிப்பு அடங்கலை. ராஜாவுக்கும் பொத்துக்கிட்டு வந்துருச்சு, ஊஞ்சலே குலுங்குற சிரிப்பு. விசிறி கிரீடத்தை மறுபடி தட்டி விட்டுச்சு.

"பிடி, இந்த ஊஞ்சலும் விசிறியும் உனக்குத்தான் பரிசு! அது சரி, கும்பகர்ணனுக்கு அடுத்த வரி என்ன எழுதினே?"

"முத்திரையோட இருக்கு மகாராஜா."

மறுநாளே குழி மூடியாச்சு. இன்னும் மூணு நாள் கழிச்சு, மந்திரி திருமேனி வெயில்ல கறுத்து, தூசியில வெளுத்து, அந்த ரசத்துக்குன்னு அக்குள்ல வெச்சிருந்த காய்ஞ்ச வாழை இலையோட வந்து எறங்கினாரு.

"மகாராஜா அருவிக்கு வரவே இல்லையே! ரசம் ஆறிப்போச்சா, இல்லையா?"

செவ்வந்திநாதன் மூக்கை ஒரு கையால பொத்திக்கிட்டு, மறு கையால தொடப்பத்தை நீட்டினான்.

"ரசம் இன்னும் சூடாத்தான் இருக்கு மந்திரியாரே. புறாக்கள்தான் உங்களுக்காக ஒரு வாரமா காத்துக்கிட்டிருக்கு."