சாய்ந்த கல்

மாசிலாமணித் தம்பிரான் தன் குரு சொன்ன ஒரு கதையை வருஷக்கணக்கில் நம்பாமலே இருந்தார். ஐம்பது வயதைக் கடந்த துறவி குருவின் வாக்கைச் சந்தேகிக்கலாமா? குறை கதையிலா, தன்னிடமா? அதுவும் அவருக்குத் தெரியவில்லை.

கதை சின்னதுதான். மடத்து அம்மன் கோயிலில் முன்பு திருப்பணி நடந்தபோது, கருவறைச் சுவரில் முதல் கடப்பாறையைப் போட்டவர் குருவே என்பது.

பதிகத்தில் ஒரு சொல்லை மாற்றிப் பாடினால் முகம் சுருங்கிப் போகிறவர். அவரா கடப்பாறை எடுத்தார்?

இப்போது அதே கருவறையின் பின்சுவர் மறுபடி சாய்ந்து நின்றது. ஊர் இரண்டாகிவிட்டது. ஒரு கல்லையும் தொடக்கூடாது என்றது ஒரு தரப்பு. மொத்தமாக இடித்துச் சிமெண்டில் கட்டு என்றது மற்றது. தொடாதே என்றவர்கள் ‘மரபு காக்கும் சபை’ தொடங்கி, தம்பிரானையே தலைவராக இருக்கக் கேட்டார்கள். மறுநாள் காலை கூட்டம். மடத்தின் சார்பில் அவர் சொல்வதுதான் முடிவு. சுவர் விழுந்தால் உள்ளே பூசை செய்யும் குருக்கள் மேல்தான் விழும்.

மாலையில் குரு நந்தவனத்தில் பூத்தொடுத்துக்கொண்டிருந்தார்.

“சாமி, மரபைக் காப்பவன் என்றால் யார்? நாளைக்குச் சபையில் சொல்லியாக வேண்டும்.”

“என்ன சொல்லப் போகிறாய்?”

“இருப்பதை இருக்கிறபடியே காப்பவன்.”

“அப்படியா? அப்போது அம்மனுக்கு நேற்றைய மாலையே போதும். எனக்கும் இந்த வேலை மிச்சம்.”

தம்பிரான் சிரிக்கவில்லை.

“மாற்று என்பவனைச் சீர்திருத்தக்காரன் என்கிறார்கள். மாற்றாதே என்பவனைப் பழமைவாதி என்கிறார்கள். கடப்பாறை எடுத்த நீங்கள் எதில் சேர்த்தி?”

“நான் எடுத்ததைத்தான் நீ நம்பவில்லையே.”

“நம்ப முடியவில்லை, சாமி.”

“அதற்கு முன்னால் நடந்ததைக் கேள். பாலாலயம் செய்தோம். அம்மனின் சக்தியைக் குடத்து நீரில் இறக்கி, அத்திப் பலகையில் வரைந்த உருவத்துக்கு மாற்றி, வெளியே கீற்றுக் கொட்டகையில் வைத்தோம். திருப்பணி முடியும்வரை பூசை அங்கேதான். தொடாதே என்றவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கொட்டகையைத் தாண்டிப் போய், அம்மன் இல்லாத கருவறைக்குத் தேங்காய் உடைத்தார்கள்.”

“இடிக்கச் சொன்னவர்கள்?”

“கொட்டகைக்கு வந்தார்கள். ‘அம்மா இங்கேயே காற்றோட்டமாகத்தானே இருக்கிறாள், திரும்ப எதற்கு அந்தப் பொந்துக்குள்?’ என்றார்கள்.”

“நீங்கள்?”

“கொட்டகையில் விழுந்து கும்பிட்டேன். எழுந்து போய்ச் சாய்ந்த கல்லைப் பெயர்த்தேன். நேராக நின்ற கல்லில் ஒருவனையும் கை வைக்க விடவில்லை. இரண்டு தரப்பும் என்னை ஒரே வார்த்தையால் திட்டின.”

“என்ன வார்த்தை?”

“துரோகி.”

“அது பெயராகாதே, சாமி.”

“வேறு பெயர் யாரும் வைக்கவில்லையே.”

“அப்படியானால் சபையில் நான் என்னதான் சொல்வது?”

குரு நாரை அறுத்து முடிச்சுப் போட்டார். மாலையைப் பூக்குடலையில் வைத்துவிட்டு எழுந்தார். சாமான் அறையிலிருந்து ஒரு கடப்பாறையை எடுத்துவந்து தம்பிரானிடம் கொடுத்தார். இருவரும் கருவறையின் பின்பக்கம் போனார்கள். உள்ளே குருக்கள் மந்திரம் சொல்லும் குரல் கேட்டது.

“இன்னும் பாலாலயம் ஆகவில்லை. தொட்டுவிடாதே. எந்தக் கல்லை எடுக்க வேண்டும், காட்டு மட்டும்.”

தம்பிரான் கடப்பாறையைச் சுவரை நோக்கி நீட்டினார். கல் எது என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் முனை அதற்கு நேராக நிற்க மறுத்தது. இன்னொரு கையையும் கொடுத்துப் பிடித்தார். அப்போதும் நிற்கவில்லை. கனம் ஒன்றும் அவ்வளவு இல்லை.

சுவரிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

“அன்று உங்களுக்கும் இப்படித்தான் நடுங்கியதா, சாமி?”