ஆடாத செடி

"பூ பூக்குது, சாமி. காய்தான் பிடிக்க மாட்டேங்குது."

சொல்லிவிட்டுச் சென்னப்பன் தரையைப் பார்த்தார். முன்னால் வந்தவர்கள் கல்யாணம் தள்ளிப்போவதைக் கேட்டார்கள், தீராத வயிற்றுவலியைக் கேட்டார்கள். ஒருவர் மோட்சத்தைக்கூடக் கேட்டார். தக்காளியைப் பற்றிக் கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

சாமி சிரிக்கவில்லை.

"உக்காருங்க, சார்."

கொட்டகையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சாமி யாரையும் சார் என்று கூப்பிட்டு அவர்கள் கேட்டதில்லை.

சாமிக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்காது. கஞ்சமலை அடிவாரத்துக்கு வருவதற்கு முன் அவர் பெயர் அர்த்தநாரி. பத்தாம் வகுப்பில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே இருந்த பையன். சென்னப்பன் அவனுக்குக் கணக்கு வாத்தியார்.

பெயர் சொல்லிக் கூப்பிடுவதா, சாமி என்பதா என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்திருந்தார். தாடியைக் கண்டதும் வாய் தானாகச் சாமி என்றது.

"செடி எங்க இருக்குதுங்க?"

"பால்கனில. அஞ்சாவது மாடி."

"யாரு வெச்சது?"

"மங்கைதான். என் வீட்டுக்காரி."

மகன் தவறிப்போன பிறகு மங்கையர்க்கரசி படுக்கையை விட்டு அதிகம் எழுந்திருக்கவில்லை. சமைக்கவில்லை. கேட்டதற்குப் பதில் இல்லை. ஒருநாள் காலையில் எழுந்து வந்தவள், அழுகிய தக்காளி ஒன்றைப் பிதுக்கி, உடைந்த பிளாஸ்டிக் வாளியில் மண்ணோடு பிசைந்துவிட்டு மறுபடியும் போய்ப் படுத்துக்கொண்டாள். முளைத்தது. அன்றிலிருந்து தினமும் காலையில் பால்கனிக் கதவு வரைக்கும் வருகிறாள். ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள்.

காய் பிடிச்சுதா?

இல்லை என்றால் திரும்பிப் போய்விடுகிறாள். நேற்று அதற்கு மேலும் ஒரு வார்த்தை சொன்னாள்.

"பிடுங்கிப் போட்டுருங்க."

"அதான் ஓடி வந்தேன், சாமி," என்றார் சென்னப்பன்.

"என்னென்ன செஞ்சு பாத்தீங்க?"

"எல்லாம் செஞ்சாச்சு. முதல்ல முளைச்சதெல்லாம் இலை சுருண்டு போச்சு. வெள்ளை ஈ. வேப்பெண்ணெய் அடிச்சும் கேக்கல, பிடுங்கிட்டேன். மிச்சம் இருந்ததுல ஒண்ணு காத்துல ஒடிஞ்சுது. இப்ப இருக்கறது ஒண்ணே ஒண்ணு. அதுக்கு ஈ வரக் கூடாதுன்னு கொசுவலை கட்டினேன். காத்து வரக் கூடாதுன்னு வலைக்கு மேல பிளாஸ்டிக் தாள் கட்டினேன். நாலு பக்கமும் குச்சி நட்டுக் கட்டிட்டேன். தண்ணியும் அளவாத்தான். மோரும் தேங்காய்ப்பாலும் புளிக்க வெச்சு ஊத்தினேன். இலையெல்லாம் கறுகறுன்னு இருக்குது. பூ கொத்துக் கொத்தா வருது. ரெண்டு நாள் இருந்துட்டு, காம்போட கழண்டு விழுந்துடுது."

"செடி ஆடுதுங்களா?"

"இம்மி அசையாது." அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

சாமி பக்கத்திலிருந்த செம்பை நகர்த்தி வைத்தார்.

"அம்மாவை யாரு பாத்துக்கறாங்க?"

"நான்தான். ஒரு குறை வெக்கல. டிவி போடறதில்ல. கதவைக்கூட சத்தமில்லாமத்தான் சாத்துவேன். பையன் போட்டோவையெல்லாம் எடுத்து பீரோவுல வெச்சுட்டேன். துக்கம் கேக்க வர்றவங்களை வாசல்லயே நிறுத்திப் பேசி அனுப்பிடுவேன்."

"தம்பியைப் பத்திப் பேசுவீங்களா, ரெண்டு பேரும்?"

"அந்தப் பேரையே எடுக்கறதில்ல, சாமி. தாங்க மாட்டா."

சாமி எழுந்தார். சென்னப்பனுக்குப் பின்னால் வந்து நின்றார். விபூதி பூசப் போகிறார் என்று நினைத்து அவர் தலையைக் குனிந்தார்.

சாமி அவருடைய இடது காது மடலில் சுண்டினார்.

நன்றாகவே சுண்டினார்.

"டேய்!"

கொட்டகையே அதிர்ந்தது. முன் வரிசையில் இருந்த அம்மாள் ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"பழி வாங்குறியாடா? எத்தனை வருஷக் கணக்குடா இது?"

"நீங்க கத்துக் குடுத்த சுண்டுதான், சார்," என்றார் சாமி. "போயிட்டு வாங்க."

"தக்காளிக்கு என்ன பண்றது?"

"அதத்தான் சொன்னேன்."

பஸ்ஸில் வரும்போது காது எரிந்துகொண்டே இருந்தது. அந்தப் பையனை எத்தனை முறை சுண்டியிருப்போம் என்று யோசித்தார். ஜன்னல் பக்கம் தலை திரும்பும் போதெல்லாம் பின்னால் போய் நின்று சுண்டியிருக்கிறார். அவன் ஒருமுறைகூட அழுததில்லை. இப்போது நினைத்தால் கஷ்டமாக இருந்தது. அதற்காக இப்படியா? நாலு பேர் முன்னாலா? இனி அந்த மலைப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டார்.

வீட்டுக்குள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நுழைந்தார். அப்படித்தான் நுழைவது.

மங்கை பால்கனிக் கதவருகே தரையில் உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கையில் வாடிய பூ ஒன்று.

"இன்னும் பிடுங்கலையா?"

அவர் பால்கனிக்குப் போனார். பிளாஸ்டிக் தாளை விலக்கினார். வலையைத் தூக்கிக்கொண்டு குனிந்து உள்ளே போனார். உள்ளே காற்றே இல்லை. புழுங்கியது. கயிறுகளுக்கு நடுவில் செடி விறைத்து நின்றது. ஒரு கொத்துப் பூ அவர் முகத்துக்கு நேராகத் தலையைத் தொங்கப்போட்டிருந்தது. கேள்வி கேட்டால் எழுந்து நின்று வாய் திறக்காத பையன் மாதிரி.

காது இன்னும் எரிந்தது. கோபத்தோடு அந்தக் கொத்தின் காம்பில் ஒரு சுண்டு சுண்டினார்.

நகத்தில் என்னவோ ஒட்டியது.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மஞ்சளாக ஒரு தூள், மகரந்தம். கோலமாவைக் காட்டிலும் நைசாக.

இன்னொரு கொத்தைச் சுண்டினார். இம்முறை மெதுவாக. பூவுக்குள்ளிருந்து புகை மாதிரி அது உதிர்ந்தது. இவ்வளவு நாளும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. ஆட்டிவிட ஆள் இல்லாமல்.

சென்னப்பன் அப்படியே குந்தி உட்கார்ந்தார்.

பிறகு குச்சிகளில் இருந்த கயிற்றை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். பிளாஸ்டிக் தாளை அவிழ்த்துச் சுருட்டினார். வலையை ஒரு பக்கம் ஒதுக்கினார். ஐந்தாவது மாடிக் காற்று சட்டென்று உள்ளே வந்தது. செடி தடுமாறிச் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடியும் சாய்ந்தது.

"ஐயோ, உதிர்ந்துடும்," என்று மங்கை பாதி எழுந்தாள்.

"உதிராது."

அவர் அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கரும்பலகை முன்னால் நின்று முதன்முதலாகப் பாடம் எடுத்த அன்றுகூட இவ்வளவு பயந்ததில்லை.

"மாறனுக்குத் தக்காளியே பிடிக்காது," என்றார்.

அந்தப் பெயர் வீட்டுக்குள் விழுந்தது.

மங்கை கையிலிருந்த பூவை இறுக மூடிக்கொண்டாள். தப்புச் செய்துவிட்டோம் என்று நினைத்தார். மனசுக்குள் சாமியைத் திட்டினார். தன்னையும் திட்டினார்.

அவள் அவர் பக்கம் திரும்பினாள். கண்ணிலிருந்து வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்கக்கூட இல்லை.

"யாரு சொன்னா பிடிக்காதுன்னு?" என்றாள். "உங்களுக்கு என்ன தெரியும்? சமையக்கட்டுல வந்து நின்னு, பச்சையா, உப்புத் தொட்டுத் தொட்டுத் தின்பான். சட்டையெல்லாம் வடிச்சுக்குவான். அப்பாகிட்ட சொல்லாதேம்மா, திட்டுவாருன்னு..."

அவள் சொல்லிக்கொண்டே போனாள்.