முகத்துக்கு நேரே முடியாது

டென்மார்க் கண்காட்சிக்கு ஆள் அனுப்ப, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி முடிவு செய்தது. வெளிநாட்டாரிடம் பேசும் முறையைக் கற்றுத்தரச் சென்னையிலிருந்து ரகோத்தமன் வந்தார். அவர் தேர்ச்சி தருகிறவர்தான் விமானம் ஏறலாம்.

"நம்ம ஆளுங்க எதுக்கும் பார்க்கலாம்னு சொல்வாங்க. வெள்ளைக்காரனுக்கு அது புரியாது. முடியலைன்னா முகத்துக்கு நேரே முடியாதுன்னு சொல்லணும்," என்றார்.

"முயற்சி பண்ணிப் பார்க்கலாங்க சார்," என்றாள் சாம்பிள் பிரிவு செல்வநாயகி.

ரகோத்தமனுக்குச் சுருக்கென்றது. "சாயங்காலத்துக்குள்ள உங்க முதலாளிகிட்டயே முடியாதுன்னு சொல்லு. இல்லேன்னா உனக்குத் தேர்ச்சி கிடையாது."

முதலாளி சிவசாமியிடம் அப்படிச் சொன்னவர்கள் மறுநாள் வேலையில் இருந்ததில்லை. தேநீர் வேளையில் அவர் எட்டிப் பார்த்ததும் செல்வநாயகி எழுந்தாள்.

"வகுப்பு அருமைங்கய்யா. சாரு நாளைக்கு ஞாயித்துக்கிழமையும் இருந்தா, மத்தவங்களும் கத்துக்குவாங்க."

"நல்ல யோசனை. இருந்துருங்க சார்," என்றார் முதலாளி.

அன்றிரவே ஊர் திரும்ப ரயில் டிக்கெட் எடுத்திருந்த ரகோத்தமன் நெளிந்தார். "அதுக்கென்னங்க... பார்க்கலாம்."

வகுப்பே சிரித்தது. "என்ன சிரிப்பு?" என்று முறைத்தார் முதலாளி.

"முடியாதுங்கய்யா," என்றாள் செல்வநாயகி, அவர் முகத்தைப் பார்த்து. "சாரு சொன்னதுக்கு அதுதானுங்க அர்த்தம்."

முதலாளி திரும்பினார். "அப்படியா சார்?"

"சேச்சே, யாருங்க சொன்னது? இருக்கேனுங்க!"

செல்வநாயகிக்குத் தேர்ச்சி போட்டாக வேண்டியதாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை, முடியாது என்று சொல்வது எப்படி என்பதை ரகோத்தமன் மறுபடி முதலிலிருந்து நடத்தினார்.