மூடிய கண்ணாடிக்குள் பனி

ஒரகடத்துக் கண்ணாடித் தொழிற்சாலையில் பொற்கொடியை எல்லோரும் மாஸ்டரம்மா என்றுதான் அழைப்பார்கள். அவளிடம் தொழில் கற்க வந்த சகாயம் அவளைவிடப் பத்து வயது மூத்தவர். மரக்கதவு இழைத்துப் பழகியவர், ஐம்பது வயதில் கண்ணாடி பிடிக்க வந்திருந்தார்.

அன்று காலை அவர் முகம் சரியாக இல்லை.

"என்னண்ணே, தம்பியோட ராசியாயிட்டீங்கன்னு கேள்விப்பட்டேன். மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"ராசியாயிட்டோம் மாஸ்டரம்மா. நேத்து அவனே வீடு தேடி வந்து கட்டிப்பிடிச்சு அழுதான். மக கல்யாணத்துல பெரியப்பாதான் முன்னால நிக்கணும்னான். சரின்னேன்."

"அப்புறம்?"

"அவன் தெருமுனை தாண்டலை, அப்பா அடக்கம் ஞாபகம் வந்துடுச்சு. நான் வந்து சேர்றதுக்குள்ள மண்ணைத் தள்ளினவன். பழைய கோவம் அப்படியே திரும்பிடுச்சு. இதை உள்ளே வச்சுக்கிட்டு சர்ச் வாசல்ல சிரிச்சிட்டு நிக்கவா? வரலைன்னு சொல்லிடப் போறேன். நான் மன்னிச்சது பொய்தானே?"

பொற்கொடி வேலை மேசைப் பக்கம் நடந்தாள்.

"வாங்க, ஒரு கண்ணாடி மூடுவோம்."

கழுவி உலர்ந்த இரண்டு கண்ணாடிகள். நடுவே இடைவெளிக்கு ஓர் அலுமினியச் சட்டம். அந்தச் சட்டத்துக்குள் ஜவ்வரிசி போல ஈரம் உறிஞ்சும் மணிகள். கறுப்புப் பசை வைத்து இருவரும் அழுத்தி ஒட்டினார்கள், சுற்றிலும் சிலிகோன் பசை பூசினார்கள். வெயிலையும் இரைச்சலையும் வெளியே நிறுத்தும் இரட்டைக் கண்ணாடி தயாராகிவிட்டது.

பசை காய்வதற்குள் பொற்கொடி, உள்ளே ஈரம் இருக்கிறதா என்று சோதிக்க, பனிக்கட்டியைவிடக் கடுங்குளிரான டிரை ஐஸ் நிரப்பிய கிண்ணத்தை அதன்மேல் வைத்தாள். சற்றுப் பொறுத்து எடுத்தாள். கண்ணாடியின் உள்பக்கம் வட்டமாகப் பனி படர்ந்திருந்தது.

சகாயம் பதறிவிட்டார். "உள்ளே ஈரம்! பிரிச்சுப் போட்டுடலாமா?"

"சாப்பாட்டு நேரமாச்சு. நாளைக்குப் பிரிக்கலாம்."

சகாயம் சோற்றைப் பாதியில் விட்டு, கண்ணாடியைப் பார்க்க எழுந்து போனார். வயதில்தான் மூத்தவர், பதற்றத்தில் அங்கே எல்லோருக்கும் இளையவர்.

மறுநாள் அதே கண்ணாடி, அதே கிண்ணம். பொற்கொடி கிண்ணத்தை எடுத்தாள். சகாயம் குனிந்து பார்த்தார், சாய்ந்து பார்த்தார். உள்ளே பனியின் சுவடே இல்லை.

"ராத்திரி பிரிச்சு மூடினீங்களா?"

"யாரும் தொடலை."

"அப்ப நேத்துப் பார்த்தது?"

"அதுவும் நிஜம்தான். மூடுறப்போ மாட்டின காத்துல ஈரம் இல்லாமலா இருக்கும்? சட்டத்துல இருக்கிற மணியெல்லாம் அதைக் குடிக்க நேரம் வேணும்ணே."

சகாயம் கண்ணாடியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இரண்டு நாளாக நெஞ்சை அழுத்திக் கொண்டிருந்தது மெல்ல இறங்கியது. அவரையும் அறியாமல் சிரித்துவிட்டார்.

"தம்பிகிட்ட வரலைன்னு சொல்லிட்டீங்களா?"

"போன் போட்டேன். கல்யாணப் பொண்ணுதான் எடுத்தா. 'பெரியப்பா'ன்னா. சொல்ல வாய் வரலை."

"நல்லவேளை. கல்யாணம் என்னைக்கு?"

"வர்ற திங்கக்கிழமை."

"போய் முன்னால நில்லுங்க," என்றாள் பொற்கொடி. "அதுவரைக்கும் மனசு மேல கிண்ணத்தை வச்சு வச்சுப் பார்க்காதீங்க."