அம்மனுக்குப் போட்ட கண்ணாடி

மன அமைதி வேண்டுமென்று மடத்துக்கு வந்து சேர்ந்தவர் தாணுமூர்த்தி. அமைதி வந்ததோ இல்லையோ, கோபம் மட்டும் ஊரிலிருந்தே கூட வந்துவிட்டது. மடத்தை நடத்தும் நாச்சியாரம்மாவுக்கு அவரைவிட வயது மிகவும் குறைவு. இருந்தாலும் அவர்தான் குரு. இவர் அவரை 'அம்மா' என்பார். அவர் இவரை 'அண்ணாச்சி' என்பார்.

அன்று காலை தாணு செருப்பை மூலைக்கொன்றாக உதறிவிட்டு உள்ளே வந்தார். கையில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கூடு.

"இப்படியும் ஒரு தகப்பன் இருப்பானா அம்மா?"

நாச்சியாரம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "உக்காருங்க அண்ணாச்சி. யாரு?"

"பேச்சிமுத்துதான், வேற யாரு!"

பேச்சிமுத்துவின் மகள் இசக்கிக்கு ஏழு வயது. கரும்பலகையில் எழுதியதைப் படிக்கத் தெரியவில்லை என்று பள்ளிக்கூடத்தில் தினமும் அவளுக்குக் கொட்டு விழுந்தது. அவளுக்குப் பலகையே தெரியவில்லை என்று ஒரு புண்ணியவானுக்கும் தோன்றவில்லை. தாணுவுக்குத்தான் தோன்றியது. டவுனுக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினார். கண்ணாடி தயாரானதும் தானே போய் வாங்கி, நேராக அவள் வீட்டுக்குக் கொண்டுபோனார். பேச்சிமுத்து கூட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"அம்மனுக்குக் கண்மலர் நேந்திருக்கானாம். ஆடிக் கொடைத் திருவிழாவுக்குச் சாத்துவானாம். அதுக்கு முன்னாடி கண்ணாடி போட்டா, அம்மன்மேல நம்பிக்கை இல்லன்னு ஆயிருமாம். கேட்டியளா கதையை!"

பிள்ளைக்குக் கண்ணில் குறை என்றால் வெள்ளியில் இரண்டு கண் செய்து அம்மனுக்குச் சாத்துவதாக நேர்ந்துகொள்வது அந்தப் பக்கத்து வழக்கம். மடத்து அம்மனுக்கே அப்படி ஒரு டப்பா நிறையக் கண்கள் உண்டு.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒனக்கு மூளை இருக்காடேன்னு கேட்டேன்."

"இருக்குன்னானா?"

"கதவைச் சாத்திட்டான்." தாணுவுக்கு மூச்சு வாங்கியது. "நேத்து அந்தப் பிள்ளை பைக்குல அடிபடப் பாத்துது அம்மா. வண்டி பக்கத்துல வார வரைக்கும் அதுக்குத் தெரியல. ஆடி வரைக்கும் இது உசுரோட இருக்கணுமே! வெள்ளிக்கிழமை பூசைக்கு ஊரே வரும். எல்லார் முன்னாலயும் அவனை நிறுத்திக் கேளுங்க. நாக்கைப் பிடுங்குற மாதிரி கேளுங்க. நீங்க சொன்னா மறுபேச்சு பேசமாட்டான்."

நாச்சியாரம்மா கீரைத் தண்டை ஒடித்தார். "பிள்ளையையும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. கண்ணாடி இங்க இருக்கட்டும்."

தாணுவுக்குப் பாதி வயிறு குளிர்ந்தது. மீதி வெள்ளிக்கிழமை குளிரும் என்று இருந்தார்.

வெள்ளிக்கிழமை முன்வரிசையிலேயே இடம் பிடித்துக்கொண்டார். எதிரே பேச்சிமுத்து, மகளை முன்னால் நிறுத்திக்கொண்டு, கைகூப்பி நின்றான். 'இருடே மகனே, இருக்கு ஒனக்கு' என்று தாணு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தீபாராதனை முடிந்தது. நாச்சியாரம்மா கூட்டைத் திறந்தார். நீல நிறச் சின்னக் கண்ணாடி. அதை முந்தானையால் துடைத்து, அம்மன் முகத்தில் மாட்டினார். காதுப் பக்கம் நிற்கவில்லை. கொஞ்சம் பூச்சரத்தை வைத்துக் கட்டினார்.

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பின்னாலிருந்து ஒருத்தி குலவை போட்டாள். மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

குலவை ஓய்ந்ததும் நாச்சியாரம்மா கண்ணாடியைக் கழற்றித் தட்டில் வைத்து நீட்டினார்.

"பேச்சிமுத்து, அம்மன் ஒன் மகளுக்குக் குடுக்கா. நீயே போட்டுவிடு. தூங்கும்போது மட்டும் கழட்டு. ஆடிக்குக் கண்மலரும் கொண்டா."

பேச்சிமுத்துவின் உதடு நடுங்கியது. தட்டைத் தொட்டுக் கும்பிட்டான். கண்ணாடியை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டான். மகளுக்குப் போட்டுவிட்டு, நிமிர்ந்து, எதையோ வென்றவன்போல் நின்றான். அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க தாணுவுக்கு அடிவயிறு எரிந்தது.

கூட்டம் கலையும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன காரியம் பண்ணிட்டிய அம்மா! அவனை நாலு வார்த்தை கேப்பியன்னு பாத்தா, அவன் முட்டாத்தனத்துக்குக் குலவை போட்டு அனுப்புதியளே!"

"ஆமா."

"நாளைக்கு ஊர்ல உள்ளவன் பூரா கண்ணாடியைத் தூக்கிட்டு இங்க வந்து நிப்பான்."

"வரட்டும். துடைச்சுக் குடுப்போம்."

"இது ஏமாத்து வேலை இல்லையா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க."

"இருக்கலாம்."

"அப்போ அவன் செஞ்சது தப்புன்னு அவனுக்கு எப்பதான் தெரியும்? அவன் நின்ன நிலையைப் பாத்தியளா? அந்த நெஞ்சை நிமித்துனதைப் பாத்தியளா? கண்ணாடியைக் கண்ணுல ஒத்துதான்! நான் கொண்டுபோனப்ப தொடமாட்டேன்னவன்! உதடு நடுங்குது, என்னமோ இவனுக்குத்தான் பார்வை வந்த மாதிரி!"

"நல்லாப் பாத்திருக்கீங்க அண்ணாச்சி."

"கண்ணை எடுக்கலையே!"

நாச்சியாரம்மா விளக்குத் திரியைத் தாழ்த்தினார்.

"கண்ணாடி போட்டதும் பிள்ளை முதல்ல எதைப் பாத்துது?"

தாணு வாயைத் திறந்தார்.

தரையைப் பார்த்தார். பிறகு, பிள்ளை நின்றிருந்த இடத்தைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.