சிவந்த விண்மீனும் வெளுத்த விண்மீனும்

ஓர் அரசவையில் சர்வேசுர பண்டிதர் என்றொருவர் இருந்தார். ஒருநாள் அவர், "வானத்தில் சிவந்து எரிகிற திருவாதிரைதான் கொடுஞ்சூடு. வெளுத்துக் கிடக்கிற சித்திரை குளிர்ந்த நட்சத்திரம்" என்று முழங்கினார்.

விளக்குச் சங்கிலி மாட்ட வந்திருந்த கொல்லுப்பட்டறைக் காத்தாயி, "இல்லீங்க சாமி, வெள்ளைதான் சூடு" என்று சொல்லிவிட்டாள். சபை திடுக்கிட்டது.

பண்டிதர் கொதித்தார். "வானத்துக்குப் போய்த் தொட்டுப் பார்த்தாயா? நாளைக்குள் நிரூபி. இல்லாவிட்டால் குடும்பத்தோடு ஊரைவிட்டு ஓடு!" அரசரும் தலையாட்டிவிட்டார்.

மறுநாள் காலை காத்தாயி அரண்மனை முற்றத்தில் உலை மூட்டினாள். ஒரு கம்பியைச் சிவக்கும்வரையும் இன்னொன்றை வெளுக்கும்வரையும் காய்ச்சி, இடுக்கியால் பிடித்துப் பண்டிதர் முன்னால் நீட்டினாள்.

"ஏதாவது ஒண்ணுக்குப் பக்கத்தில் உள்ளங்கையைக் காட்டுங்க சாமி. எதுன்னு நீங்களே சொல்லுங்க."

முகத்தில் அனல் அடித்ததும் பண்டிதர் அலறிப் பின்வாங்கினார். "வெள்ளைக் கம்பியைத் தூரமாகக் கொண்டு போ! சிவப்பையாவது கொஞ்சம் தாங்கலாம்!"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அரசர் பண்டிதரையே பார்த்தார்.

"அதைத்தாங்க நானும் சொன்னேன்" என்றாள் காத்தாயி.